கஸ்தூரியின் பாடு

கேமரா பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் போன் வந்தது. மாசி மாதச் சனிக்கிழமை. விடிந்தால் பழவேற்காடு ஏரிக்குப் போக வேண்டும். எடுத்தால் கஸ்தூரியின் தம்பி. "அக்கா, எங்க அக்கா நம்மள வுட்டுப் பூட்ச்சிக்கா" என்று அழுதான். நெஞ்சுவலி என்று பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். முந்தின நாள் மாலைதான் பள்ளிக்கூட வாசலில், "நாளான்னிக்கி என் பாடுடீ, பேட்டரிய மறந்துடாத" என்று மிரட்டிவிட்டுப் பஸ் ஏறியிருந்தாள்.

நம் பள்ளியில் அவளிடம் கணக்குப் படித்த உங்களுக்குக் கஸ்தூரி டீச்சர் என்றதும் பறந்து வரும் சாக்பீஸ்தான் நினைவுக்கு வரும். பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திய எனக்கோ அவள் ஒரு கேமராவில் சரிபாதி. இருவரும் சேர்ந்து அதை வாங்கிய அன்றே யார் எடுப்பது என்று சண்டை. "எங்க ஏரில இன்னா வழக்கமோ, இதுக்கும் அதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். மீனவர் வீட்டுப் பெண். ஏரியில் நல்ல மீன் படும் இடங்களில் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாடு நடக்கும்போது இன்னொருவர் வலை இறங்கக் கூடாது. காற்றடித்து வலை போட முடியாமல் போனால் அந்தப் பாடு போனதுதான், மறுநாள் கேட்க முடியாது என்பாள். அப்படியே ஒரு ஞாயிறு என் பாடு, மறு ஞாயிறு அவள் பாடு என்று ஆயிற்று.

அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு படத்துக்கு. பூநாரைக் கூட்டம் எழும்பும் நொடி. மேயும்போது வெள்ளையாகத் தெரிகிற பறவை, சிறகை விரித்ததும் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்துவிடும். கையைத் தட்டினால் போதும், எழும்பிவிடும். ஒருமுறை, "தட்டட்டாம்மா?" என்று படகுக்காரர் கேட்டதும் இவளுக்கு வந்ததே கோபம்! "யோவ், நீ சோறு துன்னும்போது எவனாவது கையத் தட்டி எழுப்பினா சும்மா இருப்பியா? அதுங்களா எழும்பட்டும்." அவை எழும்பவில்லை. அவள் பாடு வந்தாலே, வெயில் ஏறும்வரை தலை நிமிராமல் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும்.

காற்று மிஞ்சிய நாட்களில் படகு போகாது. கரையிலுள்ள பழைய டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுவோம். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் பார்த்து, "இன்னா தொர, துன்னியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். எழுத்து தேய்ந்த கல்லின் மேல் ஓர் ஆந்தை உட்கார்ந்து எங்களை முறைக்கும். "எம்மாந்தூரத்துலந்து வந்து இங்க படுத்துக்கினான் பாரு. ஊட்ல சொல்லினு வந்துருப்பானா?" என்றாள் ஒருநாள். அன்று சிரித்தேன்.

போன வருஷம் இதே மாசியில், என் பாடு வந்த ஒரு ஞாயிறு, யாரும் தொந்தரவு செய்யாமலே கூட்டம் மொத்தமும் எழும்பியது. பதறிப்போய்க் கேமராவை அவளிடம் நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டாள். "உன் பாடுடீ, எருமை! எடுடீ!" எடுத்தேன். நம் ஆசிரியர் அறையில் மாட்டியிருக்கிற படம் அதுதான். அவளுக்கு ஏக்கம் இல்லாமலா? திரும்பும் வழியெல்லாம் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு வந்தவள், "எனக்கும் ஒரு தபா எழும்பாமலா பூடும்?" என்றாள்.

அடக்கம் முடிந்த மறு ஞாயிறு, மனசு கேட்காமல் தனியாக ஏரிக்குப் போனேன். அவள் வழக்கப்படி பார்த்தால் அவள் பாடு போய்விட்டது, அன்று என் பாடு. படகுக்காரர் துடுப்பை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். கொஞ்ச நேரத்தில் பூநாரைகள் தாமாகவே எழும்பின. பழக்கதோஷம், கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி, அவள் உட்காரும் இடது பக்கம் நீட்டினேன். "அந்தம்மா இல்லியேம்மா. நீயே எடும்மா" என்றார் படகுக்காரர். நான் எடுக்கவில்லை. கடைசிப் பறவை கண்ணை விட்டு மறையும்வரை கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.

கேமராவை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான் தம்பி. பாதி என்னுடையது, சரி. மற்றப் பாதியை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. போன பாடு போனதுதான் என்பாய். சட்டம் பேசாதே, கஸ்தூரி. இனி எல்லா ஞாயிறும் உன் பாடுதான்.