நான்தான் என்று சொல்ல இரண்டு பேர்

என் போன் வெந்நீர் அண்டாவில் விழுந்து செத்தது. எங்கள் வீட்டில் ரூம் எடுத்துத் தங்கியவர்களுக்கு வாளியில் மொண்டு கொடுக்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து வழுக்கி உள்ளே போய்விட்டது. கொடைக்கானல் குளிரில் அண்டா எப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

போன் போனதுகூடப் பரவாயில்லை. அதற்குள் நான் இருந்தேன், அதுதான் சிக்கல். இணையதளத்துக்கு ஒரு பாஸ்வேர்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒரே அடையாளத்தை வைத்து எல்லா இடத்திலும் நுழையலாம், நடுவில் எந்தக் கம்பெனிக்காரனும் கிடையாது என்று படித்துவிட்டு அதற்கு மாறியிருந்தேன். சாவி என் போனில் மட்டும். பெருமையாகத்தான் இருந்தது. கம்பெனி இல்லையென்றால், தொலைந்தபோது கூப்பிட்டுக் கத்துவதற்கும் ஆள் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் இரண்டு ரூமுக்கும் ஆள் வருவது முன்பதிவுத் தளம் வழியாகத்தான். சீசன் தொடங்கியிருந்தது. கேட்டவர்களுக்குப் பதில் போகாவிட்டால் அடுத்த வீட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள். சீசனை விட்டால் வருஷம் முழுக்க விரல் சூப்பிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வழி ஒன்று இருந்தது. பதியும்போதே மூன்று சாட்சிகளைக் கொடுத்திருந்தேன். அவர்களில் இரண்டு பேர் தங்கள் போனில் ‘ஆம், இவர்தான்’ என்று அழுத்தினால், புதுப் போனில் நான் மறுபடி நானாகிவிடலாம்.

முதல் சாட்சி மனைவி. “நீங்கதான்னு எப்படிங்க நம்புறது? எங்க வீட்டுக்காரரு சொன்ன சோலிய ஒடனே முடிக்கிறவராச்சே” என்று சிரித்துவிட்டு அழுத்தினாள்.

இரண்டாவது, கிளாவரையில் விவசாயம் பார்க்கும் மச்சினன். டவர் கிடைக்க அவன் மேடேற வேண்டும். பூண்டு பிடுங்கும் நேரம். முடியும்வரை ஏற மாட்டான்.

மூன்றாவது, மலைச்சரிவில் எங்களுக்கு மேல்வீட்டில் இருக்கும் என் அண்ணன். அவர் கேட்டைச் சாத்தாமல் விட்ட ஒரு நாள், காட்டுமாடு இறங்கி என் முட்டைக்கோஸை மேய்ந்துவிட்டுப் போனது. நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். அதோடு பேச்சு நின்றது. சாட்சியை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. கோபத்தில் இருப்பவனுக்கு அதெல்லாம் எங்கே நினைவு வரும்?

நேரில் போகாமல் கோரிக்கையை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். பதில் இல்லை. மனைவியை அனுப்பினேன்.

“ஆள நேர்ல பாத்துட்டுத்தான் அமுக்கணும்னு அதுலயே போட்டுருக்காம். சட்டம் பேசுறாரு” என்றாள் வந்து.

உண்மைதான், அப்படித்தான் போட்டிருக்கிறது. பாவி மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முழுசாகப் படித்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு நானே போனேன்.

அண்ணன் கலியாணம் கட்டாத ஒண்டியாள். ஸ்வெட்டரும் குல்லாவுமாகக் கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரு?”

“என்னண்ணே, நாந்தான்.”

“எல்லாப் பயலும் அதத்தான் சொல்லுவான். உள்ள வா.”

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போனை வாய்விட்டுப் படித்தார். “இவரை நேரில் பார்த்தீர்களா?” என்னைப் பார்த்தார். “பாத்தாச்சு. ஏலே, எளச்சுப் போயிட்ட.”

அழுத்தினார். என் புதுப் போன் மணியடித்தது. முன்பதிவுத் தளம் திறந்தது. ரூம் கேட்டு வந்தவை வரிசையாகக் கிடந்தன. அப்பாடா என்றிருந்தது. நன்றி என்று எதையோ முனகிவிட்டுக் கிளம்பினேன்.

“ஏலே, எம் போனு தொலஞ்சா நீயும் வெரசா வரணும். இந்தக் கிறுக்க நானும் போட்டு வச்சுருக்கேன்.”

“ஒங்களுக்கும் நாந்தான் சாட்சியா? மத்த ரெண்டு பேரு யாருண்ணே?”

“மூணு பேரு கேட்டுச்சு. ஒன் பேரப் போட்டேன். வேற யாரு இருக்கா? ஒருத்தரு போதும்னு விட்ருச்சு.”

“எப்பண்ணே போட்டீங்க?”

“நீ பேச்ச நிறுத்துன பெறகுதான்.”

வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன். டீ போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ரூம் கேட்டவர்கள் கொஞ்சம் காத்திருந்தார்கள்.