கீழ ராஜ வீதியில் ஓர் இலை

கொதிக்கிற சாம்பார் வாசனையும், தண்ணீர் தெளித்த வாழையிலை வாசனையும் சேர்ந்து வரும். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் புதுக்கோட்டையில் எந்த ஹோட்டல் வாசலைக் கடந்தாலும் அந்த வாசனைதான்...

நான் கடந்துகொண்டேதான் இருந்தேன். உள்ளே போகவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக வேலைக்கு வந்திருந்தேன். வயது இருபது. எங்கள் ஊரிலிருந்து அப்படி வேலைக்குக் கிளம்பிய முதல் பெண் நான். அதில் எனக்குப் பெருமை, ஊருக்கு வேடிக்கை.

அனுப்பும்போதே அப்பா சொல்லிவிட்டார். "போ, வேல பாரு. ஆனா ஒன்னப் பத்தி ஊர்ல ஒரு சொல்லு வந்துச்சுன்னா அன்னைக்கே வந்து கூட்டியாந்துருவேன்."

அப்பா சொன்னால் சொன்னதுதான்.

தங்க ஒரு அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி, ஆனால் ஆசாரம் அதிகம். அறையில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது, ஹோட்டலிலிருந்து எடுப்புச் சாப்பாடும் வீட்டுக்குள் வரக் கூடாது. அப்புறம் எங்கே சாப்பிடுவது? அதைப் பற்றி அந்த அம்மாவுக்குக் கவலையில்லை. முதல் பத்து நாள் பன்னும் வாழைப்பழமும்தான். டைப் அடிக்கும்போது எழுத்துகள் இரண்டு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தன.

சரி, ஹோட்டலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எந்த ஹோட்டல்?

ருசியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கல்லாவில் இருப்பவர் எப்படிப் பார்க்கிறார்... கை கழுவ எத்தனை ஆண்களைத் தாண்டிப் போக வேண்டும்... வாசலில் வேலையில்லாமல் நிற்பவர்கள் எத்தனை பேர்... இதையெல்லாம் தெருவில் நடந்தபடியே நாலு நாள் கணக்குப் போட்டேன். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை நுணுக்கம் பார்க்க மாட்டார்கள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் 'ஃபேமிலி ரூம்' என்று எழுதித் திரை போட்டிருந்தது. இதுதான் நமக்குச் சரி என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.

சர்வர் வந்தார். என்னைப் பார்த்தார், எதிர் நாற்காலியைப் பார்த்தார். இரண்டு இலை போட்டார்.

"சார் வந்துரட்டும்மா, பரிமாறிடுறேன்."

நான் மட்டும்தான் என்று சொல்ல வேண்டியதுதானே? "வருவாரு" என்று சொல்லிவிட்டேன்.

இல்லாத மனுஷருக்காக அரைமணி நேரம் காத்திருந்தேன். இலையில் தெளித்த தண்ணீர் காய்ந்தது. சர்வர் இரண்டு தடவை திரையை விலக்கி, "இன்னும் வரலீங்களாம்மா?" என்று கேட்டார். மூன்றாம் தடவை கேட்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன். அறைக்கு வந்து அழுதேன். பசியைவிட அந்தப் பொய்தான் அவமானமாக இருந்தது.

மறுநாள் கீழ ராஜ வீதியில் ஒரு சின்ன ஹோட்டலுக்குப் போனேன். அங்கே ஃபேமிலி ரூம் எல்லாம் கிடையாது. கல்லாவை ஒட்டிச் சுவரோரமாக ஒரு சின்ன மேஜை. சர்வர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"ஒரு எலை போதுங்க. நான் மட்டுந்தான்."

"அதுக்கென்னங்க, உக்காருங்க."

அவ்வளவுதான். பக்கத்து மேஜைக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் அப்பளத்தை நொறுக்கப் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிட்ட கத்தரிக்காய்க் கூட்டு இன்னும் நாக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் அங்கேதான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்கிறேன்... வாசலில் அப்பா.

கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக்கு வடக்கயிறு வாங்க டவுனுக்கு வந்திருக்கிறார். புதுக் கயிற்றுச் சுருள் தோளில் கிடக்கிறது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. சுற்றிலும் ஆண்கள், நடுவில் நான். என்னைப் பார்த்தார். அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். சாயங்கால பஸ்ஸில் ஊர், அடுத்த தையில் கல்யாணம். எழுந்து ஓடலாமா என்று தோன்றியது. பாதி இலையில் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவரே அவர்தான். என் சம்பாத்தியத்தில் சாப்பிடும் கடைசிச் சோறு இது என்று நினைத்துக்கொண்டு, மோர் வரைக்கும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வெளியே வந்தால் எதிர்க்கடை நிழலில் நிற்கிறார்.

"வயிறு நெறஞ்சுச்சா?"

"ம்..."

கயிற்றுச் சுருளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "நான் உள்ள வந்திருந்தா நீ பாதியில எந்திரிச்சிருப்ப. அதான் இங்கிட்டு வந்து நின்னேன்."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆபீசுக்கு நேரமாச்சுல்ல? போ. நானும் பஸ்ஸுக்குப் போறேன்."

வீட்டில் அவர் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அதே டிபார்ட்மென்ட்டில் ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தேன்.

போன வாரம் சென்னையிலிருந்து பேத்தி பேசினாள். தனியாகப் போய்ச் சாப்பிட நல்ல ஹோட்டல் எது என்று ஃபோனில் தேடினாளாம், பட்டியலே வந்ததாம். ஜன்னலோர ஸீட் ஒன்றை புக் பண்ணிப் போய் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாளாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. கேட்கக் கேட்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷம் என் கதையாகவே இதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்...

அப்பா அந்த வாசலுக்கு என்னைத் தேடி வரவில்லை. நான் அங்கே சாப்பிடுவது அவருக்குத் தெரியவே தெரியாது. விடியக்காலை பஸ்ஸில் கிளம்பி வந்த மனுஷர், பசித்துத்தான் அங்கே காலை வைத்திருக்கிறார்.

அன்றைக்கு நீங்கள் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவே இல்லை.