மதியழகனுக்கு நாலு ஸ்டார்

சோதனைப் பதிப்பு என்று எதற்குப் பெயர் வைத்தாலும், முதலில் சோதனைக்கு உள்ளாவது அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிற ஆள்தான். அந்த ஆள் நான். தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காமல் தோப்புக்காரர்கள் திண்டாடுகிறார்கள், மரம் ஏறுகிறவர்களோ நல்ல வேலை அமையாமல் திண்டாடுகிறார்கள், இரண்டு பேரையும் போனில் சேர்த்து வைத்தால் என்ன என்று சென்னையில் ஒரு கம்பெனிக்குத் தோன்றிவிட்டது. பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்து, கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை வேலைக்கு வைத்தார்கள். ஒவ்வொருவர் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்து, என்ன நடக்கிறது என்று சென்னைக்கு எழுத வேண்டும்.

"புதிய வெர்ஷன் தயார், இப்போதே மாற்றவும்" என்று போன் கெஞ்சுகிறதே என்று இரக்கப்பட்டுச் சரி சொல்லிவிட்டு, அப்புறம் பழைய பட்டனைத் தேடி அலைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களுக்கு அது ஒரு போனில் நடந்தது. எனக்கு ஒரு வட்டாரம் முழுக்க நடந்தது. ஆகவே நீங்கள் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வீர்கள்.

வெள்ளைப் பக்கம்

முதலில் வந்தது ஆப் கூட இல்லை, ஓர் இணையப் பக்கம். அதுவும் எல்லா பிரவுசரிலும் திறக்காது. புதிதாக வந்த ஏதோ ஒரு பிரவுசரை இறக்கி, அதில் போய்த்தான் திறக்க வேண்டும். பழைய பிரவுசரில் திறந்தால் வெறும் வெள்ளையாக நிற்கும். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாது.

மதுக்கூர் போகிற வழியில் தோப்பு வைத்திருக்கும் ராமையன் ஐயாதான் என் முதல் வாடிக்கையாளர். பெரிய தோப்பு, புயலில் பாதி சாய்ந்தபிறகும் பெரிய தோப்பு. நான் அந்தப் புது பிரவுசரை அவர் போனில் ஏற்றாமல், தெரியாத்தனமாகப் பழையதிலேயே திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வெள்ளைத் திரையைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் மரியாதையோடு பார்த்தார். குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "பளிச்சுனு நல்லாத்தாம்மா இருக்கு. எழுத்து எப்ப வரும்?" என்றார்.

நகராத ஆள்

ஒருவழியாக ஆப் வந்தது. இனி அதற்கு மரம் ஏறுகிறவர்களைச் சேர்க்க வேண்டும். யாரைக் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: மதியழகன். பிஞ்சு உதிராமல் குலை வெட்டுவார், காய்ந்த மட்டையைச் சொல்லாமலே கழித்துப் போடுவார், கீழே நிற்கிற ஆட்டுக்குட்டி விலகும் வரை வெட்டிய குலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவர் ஒரு மேஸ்திரியிடம் இருந்தார். மேஸ்திரி சொல்கிற தோப்புக்கு, மேஸ்திரி சொல்கிற அன்றைக்குத்தான் போக முடியும். "இதுல சேந்தா வேலை நேரா உங்க போனுக்கே வரும்ணே" என்று நான்தான் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிப் பேசிச் சேர்த்தேன். அவர் மனைவி கௌசல்யா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, பிடித்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்: போனால் திரும்பி வரக்கூடாது.

முதல் நாளே ஆப் தகராறு செய்தது. வேலை தொடங்கியபின் போன் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், "பணியாளர் நகரவில்லை" என்று வேலையை அதுவாகவே நிறுத்திவிடும். மரம் ஏறுகிறவர் போனைச் சட்டையோடு கழற்றி அடியில் வைத்துவிட்டுத்தானே ஏறுவார்? சென்னையில் யாரும் இதை யோசிக்கவில்லை. மதியழகன் ஒவ்வொரு மரத்திலிருந்தும் இறங்கி வந்து மறுபடி வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு ஏறினார். மதியம் என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லை. "நான் நகரலைன்னு போன் சொல்லுதுங்க. பேசாம அதை மரத்துல ஏத்திவிட்டுட்டு நான் கீழ உக்காந்துக்கிறேன்" என்றார்.

ஒன்று குறைவாக

வேலை முடிந்ததும் தோப்புக்காரர் ஸ்டார் கொடுக்க வேண்டும். ஐந்துதான் அதிகபட்சம். சோதனை முடிகிற அன்று யாருக்குச் சராசரி நாலரைக்குக் கீழே இருக்கிறதோ, அவர் பெயர் பட்டியலிலிருந்து தானாகவே போய்விடும். இதை நான் எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். நல்ல ஆளுக்கு நல்ல ஸ்டார் வந்துவிடப் போகிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் எடுத்துப் பார்த்தால் மதியழகனுக்கு நாலு. ஒவ்வொரு தோப்பிலும் நாலு. வரிசையாக, பேசி வைத்த மாதிரி நாலு. நேராக ராமையன் ஐயாவிடம் போய், "என்னங்கய்யா, அவர் வேலையில என்ன கொறை?" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "கொறையா? அவன் மாதிரி ஆள் இந்தப் பக்கத்துல கெடையாது. தரையில நிக்கிறவனா இருந்தா அஞ்சையும் குடுத்துருவேம்மா. அவன் மரத்துல நிக்கிறவன். நெறைவாச் சொல்லி நாமளே கண்ணு வைக்கலாமா?" என்றார்.

துபாய்க்காரர் கொடுத்தது

மதியழகனுக்கு ஒரே ஒரு ஐந்து வந்தது. அது துபாயிலிருந்து வந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் ஜமீலாம்மா வீட்டுத் தோப்பு. அவர் மகன் அங்கிருந்தபடியே ஆப்பில் ஆள் பிடித்து, வேலையையும் வீடியோவில் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் ஐந்தையும் அமுக்கிவிட்டார். எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. உடனே மதியழகன் வீட்டுக்குப் போன் செய்து நல்ல செய்தி சொன்னேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. கௌசல்யா போக விடவில்லை. உப்பும் மிளகாயும் எடுத்துப் புருஷனுக்குச் சுற்றி, அப்புறம் போனுக்கும் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறார். அது வெடிக்கவே இல்லையாம், நெடியும் வரவில்லையாம். அவ்வளவு கண் விழுந்திருக்கும்போது எந்தப் பெண் புருஷனை மரம் ஏற அனுப்புவாள்? ஆப்புக்கு இது தெரியுமா? சொல்லாமல் விடுப்பு எடுத்தார் என்று எச்சரிக்கை அனுப்பியது. இந்தக் கூத்தை நான் ஜமீலாம்மாவிடம் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு செஞ்சது சரிதாம்மா. மாஷா அல்லாஹ்னு ஒரு வார்த்தை சொல்லாம அஞ்சையும் அமுக்கி வச்சிருக்கான் பாரு, இவனை என்ன செய்யிறது!" என்றார்.

முதலிடம் பெற்றவர்

இதற்கிடையில் சென்னையிலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது, படத்தோடு. வட்டாரத்தில் முதலிடம் சேகர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேகர் உயரமான மரம் என்றால் அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிறவர். பிஞ்சும் நெற்றும் அவருக்கு ஒன்றுதான். அவர் வெட்டிப் போட்ட குலை ஒரு தோப்பில் மோட்டார் கொட்டகையின் ஓடுகளை உடைத்திருக்கிறது. ஆனால் அவருக்கு ஐந்து, ஐந்து, ஐந்து.

ஓடு உடைந்த தோப்புக்காரரிடமே போய்க் கேட்டேன். அவரும் ஐந்துதான் கொடுத்திருந்தார். "குடுத்தா என்னங்க இப்ப? சேகருக்கு என்ன கண்ணா பட்டுடப் போவுது?" என்றார்.

எனக்கு மேலே இருந்த பிரவீண் சாரிடம் போனில் நீளமாக விளக்கினேன். எங்கள் ஊரில் நாலு என்றால் உயிர், ஐந்து என்றால் கை கழுவியாயிற்று என்று அர்த்தம், தயவுசெய்து நாலரைக் கணக்கை எடுத்துவிடுங்கள் என்று கிட்டத்தட்ட அழுதேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மேடம், நீங்க ஃபீல்டுல ரொம்ப இன்வால்வ் ஆயிட்டீங்க. டேட்டா தப்பாச் சொல்லாது" என்றார்.

கடைசி வாரம்

மேஸ்திரி மதியழகன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆப்பும் போய்விட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? அழைத்து வந்தவள் நான். தோப்புத் தோப்பாகப் போய், கொடுத்த ஸ்டாரை மாற்றச் சொல்லி மன்றாடினேன். எல்லோரும் காப்பி கொடுத்தார்கள், ஐந்து கொடுக்கவில்லை. வேலை போய்விடும் என்றாலும் அவர்கள் தயங்கினார்கள். வேலை போனால் வேறு வேலை தேடலாம், மரத்திலிருந்து விழுந்தால் என்ன தேடுவது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கும் தப்பு கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

கடைசியில் கௌசல்யாவே என்னைத் தேடி வந்தார். நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அஞ்சு வேண்டும், இல்லாவிட்டால் பெயர் போய்விடும். அவர் மடியில் இருந்த குழந்தையின் கன்னத்தில் கலைந்திருந்த கறுப்புப் பொட்டை விரலால் சரிசெய்துகொண்டே இருந்தார். அப்புறம், ஸ்டாருக்குக் கீழே எழுதுவதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப அஞ்சையும் குடுக்கச் சொல்லுங்க. குடுத்துட்டு, கீழ அவரைத் திட்டி எழுதச் சொல்லுங்க. அம்புட்டு அழகையும் ஒரு பொட்டு வைக்காம வெளியில விட முடியுமா?" என்றார்.

புகார்கள்

அந்த வாரம் நான் பார்த்த உற்சாகத்தை ஆறு மாதத்தில் பார்த்ததில்லை. ஐந்து ஸ்டார் கொடுக்க ஒரு நொடி, திட்டி எழுத அரைமணி நேரம். "ஆள் சுமார்தான்." "மூஞ்சியைப் பார்த்தால் வேலை சொல்லத் தோன்றாது." "வெற்றிலை போட்டுப் போட்டுத் தோப்பே சிவந்துவிட்டது." மதியழகன் வெற்றிலையே போடமாட்டார். ஜமீலாம்மா மகனிடம் சொல்லித் துபாயிலிருந்தே திருத்தி எழுத வைத்தார்: "முதலில் தெரியாமல் பாராட்டிவிட்டேன். ஒன்றுக்கும் உதவாத ஆள்."

பிரவீண் சார் பதறிப்போய்க் கூப்பிட்டார். சராசரி நாலரையைத் தாண்டிவிட்டது, ஆனால் கருத்துகளைப் படிக்கிற சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் புகார் என்று சிவப்பில் காட்டுகிறது, இந்த ஆளை வைப்பதா எடுப்பதா என்று கேட்டார். குழந்தைக்குப் பொட்டு வைக்கிற கதையைச் சொன்னேன். அவர், "எங்க அக்கா பையனுக்கு உள்ளங்கால்ல வைப்பாங்க மேடம்" என்றார். பெயரை எடுக்கவில்லை.

செய்தி சொல்லப் போன அன்று மதியழகன் வேலைக்குப் போயிருந்தார். கௌசல்யா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சுமார், சோம்பேறி, மூஞ்சி சரியில்லை, ஒன்றுக்கும் உதவாது. அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. ராமையன் ஐயா எழுதியதை மட்டும் இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார். பெரிய மனுஷர், திட்டிப் பழக்கமில்லாதவர், "பரவாயில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார். கௌசல்யாவுக்கு முகம் வாடிவிட்டது. "இது பத்தாதுங்க, இன்னும் கொஞ்சம் மோசமா எழுதச் சொல்லுங்க. அவுக தோப்புலதான் மரம் ரொம்ப ஒசரம்" என்றார்.

சென்னைக் கணினியில் இன்றைக்கும் எங்கள் வட்டாரத்திலேயே அதிகப் புகார் வாங்கிய ஆள் மதியழகன்தான். அந்தக் கெட்ட பெயர் அவருக்கு நீடூழி நிலைக்கட்டும்.