மாதா தெருவில் மட்டும் ஊமையாகும் ஹாரன்

தீக்குச்சியை வேல்ராஜ் சரிபாதியாக ஒடிக்க மாட்டார். மருந்து இருக்கும் பக்கம் கொஞ்சம் கூடுதலாக வரும்படி ஒடித்து, அந்தத் துண்டை வண்டியின் பானட்டுக்கும் பக்கத் தகரத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் செருகுவார். மருந்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு நெல்மணி அளவுக்கு மரம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அடுத்தவன் கண்ணில் படக் கூடாது, தன் கண்ணில் பட வேண்டும். பிறகு டீசல் மூடியில் சாக்பீஸால் ஒரு கோடு. தண்ணீர் டாங்க் மூடியில் நைலான் கயிறு, முடிச்சு எப்போதும் இடது பக்கம். விடிந்ததும் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் மனைவி கோகிலா நீட்டும் டீயை வாங்குவார்.

“டம்ளர் மேலயும் ஒரு குச்சிய வச்சுட்டுப் போங்க,” என்பார் கோகிலா. “நான் ஒரு வாய் குடிச்சேனான்னு கண்டுபிடிச்சுரலாம்ல.”

வேல்ராஜ் சிரிக்க மாட்டார். டம்ளரை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

நாற்பத்து மூன்று வயது. சாயல்குடிக்கு வடக்கே ஒரு கரிசல் ஊர். பழைய பிக்கப் ஒன்றின் முதுகில் இரண்டாயிரம் லிட்டர் கருப்பு டாங்கை ஏற்றி, ஊர்க் கிணற்றின் நல்ல தண்ணீரை நிரப்பிக்கொண்டு கடற்கரை ஊர்களுக்குப் போவதுதான் தொழில். அங்கே எங்கே தோண்டினாலும் உப்பு. துவைக்கலாம், குளிக்கலாம்; உலையில் வைக்க முடியாது. ஒன்றுவிட்டு ஒருநாள் வேல்ராஜ் வந்தால்தான் சோறு.

அவர் பிறக்கும்போதே இப்படிச் சந்தேகக்காரர் இல்லை. இருபத்தைந்து வயதில் தூத்துக்குடியில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் வண்டியின் பேட்டரி காணாமல் போனது. எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் சாவி அவரிடம் இருந்ததால் பெயர் அவருக்கு வந்தது. பேட்டரிக்காரன் என்று ஷெட்டில் இரண்டு வருஷம் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் குச்சியும் கோடும் முடிச்சும்.

அவர் போகும் தெருக்களில் மாதா தெருதான் பெரிது. அறுபது வீடுகள். ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள், சங்கு குளிக்கிறவர்கள். தெரு கடலைப் பார்த்துச் சரியும். தெருமுனையில் நின்று எவ்வளவு கத்தினாலும், எதிரே வரும் காற்று குரலை வாயிலேயே திருப்பி அடைத்துவிடும். அதற்காகவே வேல்ராஜ் லாரிக்குப் போடும் இரட்டை ஹாரனை மாட்டியிருந்தார். வந்ததும் மூன்று தரம் நீட்டி அடிப்பார். பாதி வேலையில் ஒரு தரம், கிளம்பும்போது ஒரு தரம். குடங்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தன.

சித்திரை வெயிலில் ஒருநாள் மாதா தெருவில் வண்டி சூடாகி ஆவி கக்கியது. பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, பின்னால் போய் ஓஸைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெருக்காரன் ஜெனிஷ், போட் இஞ்சின் பழுது பார்ப்பவன், இருபத்தாறு வயது இருக்கும், முன்னால் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, ரேடியேட்டர் ஓஸ் கிளிப்பு லூசா இருக்கு. பியூஸ் பெட்டி மூடியும் சரியா உக்காரல.”

“நான் பாத்துக்கிறேன். நீ தள்ளி நில்லு.”

அன்று பாதி வேலையில் அடிக்க வேண்டிய ஹாரனை மறந்துவிட்டார். கிளம்பும்போது அமுக்கினார், சத்தம் இல்லை. அடுத்த ஊரிலும் இல்லை. ஓரம் கட்டி, பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். மூடியின் உட்பக்கம் எது எதற்கு என்று ஒட்டியிருந்த தாளை உப்புக் காற்று எப்போதோ தின்றுவிட்டிருந்தது. ஆனால் வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி ஒரு இடம் காலி. எரிந்து போயிருந்தால் விட்டுவிடலாம். இதுவோ காணாமல் போயிருந்தது. ஃபியூஸ் தானாக நடந்து போகாது.

மூடி சரியாக உட்காரவில்லை என்று ஜெனிஷ் சொன்னது அப்போதுதான் அவருக்குள் வேறு மாதிரி கேட்டது.

மெக்கானிக் யாரையும் அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவனையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பெட்டியின் மூலையில் உபரியாக ஒரு சிவப்பு ஃபியூஸ் இருந்தது. அதை எடுத்துக் காலி இடத்தில் அழுத்தினார். ஹாரன் அலறியது. முடிந்தது கதை என்று நினைத்தார்.

மறுதரம் எல்லா ஊரிலும் ஹாரன் பாடியது. மாதா தெருமுனையில் நின்று அமுக்கினார். முதல் சத்தம் பாதியில் அறுந்தது. பிறகு ஒன்றுமில்லை. கத்திப் பார்த்தார். முனையில் இருந்த நாலு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அடுத்த ஊர் காத்திருந்ததால் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். கடைசி வீட்டுப் பெண்கள் குடத்தோடு ஓடி வருவது கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே இருந்த மெல்லிய கம்பி நடுவில் அறுந்திருந்தது. ஊசியை விட்டு அறுத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தார்.

சாயல்குடியில் மதார் பாயின் உதிரிபாகக் கடைக்குப் போனார்.

“பியூஸ் குடுங்க பாய். பத்து.”

“எந்தக் கலரு?”

“எதுக்குக் கேக்குறீங்க?”

“கலர்லதான்யா விசயமே இருக்கு. ஒவ்வொண்ணும்—”

“நான் என்ன சேலையா எடுக்க வந்தேன்? சிவப்பு போட்டிருந்தேன், சிவப்பே குடுங்க.”

மதார் டப்பாவை இழுத்தார். சிவப்பை எண்ணிக் கொடுத்தார். விலை கூடின கலரைத் தலையில் கட்டப் பார்த்தான் என்று நினைத்தபடியே வேல்ராஜ் வண்டியேறினார்.

மூன்றாம் தரமும் அதேதான். நாலாம் தரமும். மற்றத் தெருக்களில் பிழைத்த ஃபியூஸ் மாதா தெருவில் செத்தது. காலையில் பார்த்த தீக்குச்சி மாலையிலும் அப்படியே இருந்தது. யாரும் திறக்கவில்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. குச்சியைத் திரும்ப அதே மாதிரி வைக்கத் தெரிந்தவன் ஒருவன் அந்தத் தெருவில் இருக்கிறான் என்று தோன்றியது.

தெருவும் சும்மா இல்லை. செபஸ்தியம்மாள் நடுத்தெருவில் வண்டியை மறித்தார். ஐம்பது வயதுக்கு மேல். சங்கு குளிக்கும் சவேரியாரின் மனைவி. கையில் காலிக் குடம்.

“ஏய்யா வேல்ராசு, ஊரெல்லாம் ஊதிட்டு எங்க தெருவுல மட்டும் ஊமையா நுழையுறியே, என்ன சமாச்சாரம்?”

“ஹாரன் வேலை செய்யலக்கா.”

“பள்ளிவாசல் தெருவுல இப்பத்தான் ஊதுன. இங்கன வரைக்கும் கேட்டுச்சு. முனீஸ்வரன் வண்டிக்கு எங்கள விட்டுக் குடுத்துட்டியா? நேராச் சொல்லிரு, நாங்க அவனையே கூப்பிட்டுக்கிறோம்.”

முனீஸ்வரனும் தண்ணீர் வண்டிதான். புது வண்டி, பெரிய டாங்க். அந்தப் பெயரைக் கேட்டதும் வேல்ராஜுக்கு எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றது. முனீஸ்வரன், அவனுக்கு வேலை பார்க்கும் ஜெனிஷ், காணாமல் போன ஃபியூஸ். ஜெனிஷ் அவனுக்கு வேலை பார்க்கிறான் என்பதற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. ஒருமுறை இருவரும் ஒரே டீக்கடையில் நின்றதை அவர் பார்த்திருந்தார். அது போதுமாயிருந்தது.

ஐந்தாம் தரம் ஹாரன் அறுந்த அடுத்த நொடி, கதவைத் திறந்து குதித்து, ஓரமாக நடந்துபோன ஜெனிஷின் சட்டையைப் பிடித்தார்.

“ஏலே, எவன்டா சொல்லி இதப் பண்ற?”

“எதண்ணே?”

“பியூஸ புடுங்கறதும் அறுக்கறதும்.”

“பானட்டே தெறக்கல. நான் என்ன ஆவியா, உள்ள பூந்து வர்றதுக்கு?”

“போட் இஞ்சினையே பிரிச்சு மேயுற ஆளு நீ. அடியில கைய விட்டா ஆச்சு. திருட்டுப் பய.”

அந்தச் சொல்லுக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. ஜெனிஷ் கையை ஓங்கவில்லை. பிய்ந்த பொத்தானை மணலில் குனிந்து தேடி எடுத்துக்கொண்டு நடந்தான்.

“தண்ணி ஊத்த வந்தியா, போலீசு வேலை பாக்க வந்தியா?” என்று செபஸ்தியம்மாள்தான் கத்தினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டி கூடும், வண்டியை மாற்றுவதா என்று அன்றைக்குப் பேசுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாதா தெரு போனால் பிக்கப்பை வைத்துக்கொண்டிருக்க முடியாது. மறுபடி யாருடைய வண்டியையாவது ஓட்டப் போக வேண்டும். சாவி மறுபடி அவர் கையில் இருக்கும், பெயரும் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

சனிக்கிழமை மதியம் வாலிநோக்கம் உப்பளத்தை ஒட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரு கருவேல மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். கையில் ஒரு நோட்டு. இந்தத் தரம் குற்றவாளியைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாகப் பிடுங்குவது, எது நிற்கிறது என்று பார்ப்பது, எழுதுவது, திரும்பச் செருகுவது. முதல் வரிசை ஒன்று, வைப்பர். இரண்டு, இடது முன்விளக்கு. மூன்று, வலது. நாலில் என்ன நின்றது என்று தெரியவில்லை, கேள்விக்குறி போட்டார். பதினான்கு வருஷம் ஓட்டிய வண்டி. அதன் வயிற்றுக்குள் இத்தனை பேர் தனித்தனியாகக் குடியிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரேக் விளக்கைப் பார்க்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். ஆள் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. ஜாக்கிக் கம்பியை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தார். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. முன்னால் வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எரிந்துகொண்டே இருந்தன. ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கினார். பின்னால் போய்ப் பார்த்தார். அணைந்திருந்தன.

மூன்று தரம் அதையே செய்தார். ஹாரனும் பிரேக் விளக்கும் ஒரே ஃபியூஸில்.

பிறகு பெட்டியைச் சட்டை நுனியால் துடைத்தார். ஒவ்வொரு இடத்தின் கீழும் பிளாஸ்டிக்கிலேயே சின்ன எண் புடைத்திருந்தது. காலியாகக் கிடந்த இடத்தின் கீழே பதினைந்து. அவர் செருகிய சிவப்பின் தலையில் பத்து. எதிர் வரிசையில் இருந்த நீல ஃபியூஸின் தலையில் பதினைந்து. எத்தனை ஆம்பியர் கரண்டைத் தாங்கும் என்பதுதான் அந்த எண்; கலரில்தான் விஷயம் என்று மதார் சொல்ல வந்தது இதைத்தான்.

மற்றத் தெருக்கள் சமதரை. கை பிரேக்கைப் போட்டுவிட்டு, காலை எடுத்துவிட்டுத்தான் ஹாரன் அடிப்பார். மாதா தெரு சரிவு. இரண்டாயிரம் லிட்டரைக் கை பிரேக் தாங்காது. காலால் மிதித்துக்கொண்டேதான் அடிப்பார். இரட்டை ஹாரன் ஒன்றே சிவப்புக்கு அதிகம். கூடவே பிரேக் விளக்கும் சேர்ந்தால் அது எத்தனை நேரம் பொறுக்கும்?

சிவப்பைத் திரும்பச் செருகினார். பெடலில் கம்பி முட்டியிருந்தது. ஹாரனை நீட்டி அமுக்கினார். ஒன்று, இரண்டு, சத்தம் அறுந்தது.

பழக்க தோஷத்தில் சுற்றும் முற்றும் பார்த்தார். உப்புப் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஒரு ஈ காக்கை இல்லை.

ஆனால் அந்த முதல் ஃபியூஸ்? அதை யாரோ எடுத்துத்தான் இருக்கிறார்கள். அது ஒன்று மட்டும் கணக்கில் வராமல் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு ஜெனிஷை இன்னும் திருடனாகவே வைத்திருக்கலாம். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் அதை யோசித்தார். பேட்டரிக்காரன் என்ற பழைய சத்தம் இடையிடையே காதுக்குள் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீல ஃபியூஸோடு போனார். மாதா கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கமிட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஜெனிஷ் ஒரு ஓரமாக நின்றான். வேல்ராஜ் சிவப்பையும் நீலத்தையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னார். பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஜெனிஷுக்கு மட்டும் முதல் வார்த்தையிலேயே புரிந்துவிட்டது. சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

“பத்து பதினஞ்சு தெரியாம நான் ஆள் மேல கைய வச்சுட்டேன்,” என்றார் வேல்ராஜ். “நீ எடுக்கலடா. நான் சொன்ன சொல்ல எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கிறேன்.”

“சொல்ல எடுத்துக்கிறீக சரி. பொத்தானு?” என்றான் ஜெனிஷ்.

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “அப்ப மொத நாளு காணாமப் போனத யாருண்ணே எடுத்தது?”

“தெரியலப்பா.”

“அட விடுங்கப்பா!” செபஸ்தியம்மாள் சட்டென்று எழுந்தார். “மனுசன் வந்து நின்னு சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்ன விசாரணை? போயிக் குடத்த எடுங்க.”

வண்டியை மாற்றச் சொல்லி அத்தனை கத்தியவரே இப்படிச் சொன்னதும் கமிட்டிக்குப் பேச எதுவும் இல்லாமல் போயிற்று. வேல்ராஜ் சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு மூன்று தரம் நீட்டி அடித்தார். கடைசி வீடு வரை கதவுகள் திறந்தன.

அந்த முதல் ஃபியூஸின் கதையைச் சவேரியார் சொன்னது ஐப்பசியில், சாயல்குடி டீக்கடையில். சங்குக்கு ஆழம் இறங்கியதில் சித்திரையில் அவருக்கு இடது காதுச் சவ்வு உடைந்திருந்தது. மூன்று நாளாகத் தூக்கமில்லாமல், சின்னச் சத்தத்துக்கே துடித்துக் கிடந்தபோதுதான் தெருமுனையில் மூன்று ஹாரனும் வந்திருக்கிறது. அடுத்த ஹாரன் வருவதற்குள் ஓடிப் போய் ஃபியூஸைப் பிடுங்கியது செபஸ்தியம்மாள். முன்பு அவர்களிடமும் இதே மாதிரி வண்டி இருந்ததால் அவருக்கு அந்த இடம் தெரியும். பிறகு ஹாரன் சாகும்போதெல்லாம், தான் கை வைத்ததால்தான் வண்டி கெட்டுவிட்டது என்ற பயத்தில்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியிருக்கிறார். மறுதரம் வரும்போது கமுக்கமாகத் திருப்பிச் செருகிவிடலாம் என்று நீல ஃபியூஸை முந்தானையிலேயே முடிந்து வைத்திருந்தாராம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தரம்கூட அந்தத் தெருவில் வேல்ராஜ் பானட்டைத் திறக்கவில்லை.