பாடைச் சுழி

மாட்டுத் தரகர்கள் மாடு பார்ப்பதே தனி. கொம்பு, திமில், வால், மயிர்ச் சுழி என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, கடைசியில் எல்லா மாடுகளையும் இரண்டே கூட்டமாகப் பிரித்துவிடுவார்கள். குடும்பத்தை வாழவைப்பது ஒன்று, குடும்பத்தைக் கெடுப்பது ஒன்று. எவ்வளவு கறக்கும், சினை நிற்குமா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். வடகரப்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். என் வீட்டுக் கருமாதியன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவர் இறந்து பதினாறாம் நாள். பந்தி முடிந்ததும் அவருடைய அண்ணன் ஒரு தரகரைக் கூட்டிக்கொண்டு நேராகக் கட்டுத்தறிக்குப் போனார். அங்கே நின்றது, மூன்று மாதத்துக்கு முன் சந்தையில் நானே பார்த்துப் பிடித்து வந்த சிவப்பு மாடு. இனி அதன் பாலில்தான் என் இரண்டு பெண்களும் படித்தாக வேண்டும். தரகர் அதன் முதுகைத் தடவினார். தண்டுக்கு இரண்டு பக்கமும் மயிர் சுழன்றிருந்த இடத்தில் விரலை நிறுத்தினார்.

"பாடைச் சுழிங்க. இது நொழஞ்ச ஊட்டுல ஆம்பள தங்க மாட்டான்."

கூடி நின்ற பெண்கள் மாட்டைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். மாட்டுக்குச் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தெரியாதா?

"ஏனம்மிணி, இன்னைக்கே ஓட்டி உட்டர்லாம்," என்றார் அண்ணன். குரலில் அக்கறை வழிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "வாயுடா, ஒரு சோடா குடிச்சாச் செரியாப் போயிரும், ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்கு" என்றவர் இதே மனிதர்தான். மூன்று நாளும் அவர் அதை வாயு என்றேதான் சொன்னார். அந்த மூன்று நாளும் கோயமுத்தூர் பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் போய் வந்தது.

"அந்தச் சுழி மூணு மாசமா இந்த ஊட்டுல இருக்குதுங்க," என்றேன். "அவருக்கு நெஞ்சு வலி மூணே நாளுங்க. ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொன்ன வாய்ல எந்தச் சுழி இருக்குதுங்க? அதையும் இந்தத் தரகரையே பாக்கச் சொல்லுங்க."

தரகர் மாட்டின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய அண்ணன் இன்றுவரை எங்கள் படி மிதிக்கவில்லை. புருஷன் போயும் இவளுக்குத் திமிர் அடங்கவில்லை என்று ஊர் பேசியது. பேசிவிட்டுப் போகட்டும்.

மாடு இங்கேதான் நிற்கிறது. காலையில் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறேன். கழுவிவிடும்போதெல்லாம் என் விரல் அந்த இடத்தில் படும். வெறும் மயிர்தான், வேறொன்றும் இல்லை. அன்றைக்குப் பழியை எல்லாம் அதன் முதுகில் ஏற்றி ஓட்டிவிட்டிருந்தால் நானும் தப்பித்திருப்பேன். அண்ணன் சொல்லிவிட்டார் என்று, மூன்று நாளும் கடைக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்து கொடுத்தவள் நான்தான்.