ஒருதரம் கூப்பிட்டால்

வவுணதீவுப் பக்கம் பொழுது சாய்கிற மைமல் நேரத்தில் யாராவது உங்கள் பேரைச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டால் வாயைத் திறக்கக்கூடாது, திரும்பியும் பார்க்கக்கூடாது. மனிசர் என்றால் இன்னொருதரம் கூப்பிடுவார்கள். மற்றதுகளுக்கு இரண்டாந்தரம் கூப்பிட வராது. முதல் கூப்பாட்டுக்கு ‘ஓம்’ என்று பதில் சொன்னவனை அதுகள் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அங்கே கலியாணக் காட் கொண்டுவருகிறவர்கள்கூட வாசல் படலையில் நின்று இரண்டுதரம் கூப்பிட்டுவிட்டுத்தான் காத்திருப்பார்கள். வினோஜனும் அப்படி வளர்ந்தவன்தான். வயசு முப்பத்திரண்டு, டைல்ஸ் பதிக்கிற வேலை, சட்டைப்பையில் நல்ல போன். என்ன இருந்தென்ன, பொழுது சாய்ந்தால் காது மட்டும் வவுணதீவுக் காதுதான்.

கொழும்புக்கு வேலைக்குப் போனபோது அவனோடு ஒரே அறையில் கிடந்தவன் ஏறாவூர் றிஸ்லான். வெள்ளவத்தையில் பத்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு வேலை விடும். கைகாலில் ஒட்டின சீமெந்தை உரஞ்சிக் குளித்துவிட்டு றிஸ்லான் சட்டையை மாட்டுவான்.

“வா மச்சான், கொழும்பைப் பாத்திட்டு வருவம்.”

அவன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. முதலில் வருகிற பஸ்ஸில் ஏறவேண்டும், எங்கே போகுது என்று கேட்கக்கூடாது, கடைசித் தரிப்பில் இறங்கி ஊர் பார்க்கவேண்டும். அப்படி எத்தனை பின்னேரங்கள்! புறக்கோட்டையில் கடைக்காரர் கதவு இழுத்துச் சாத்துகிற ஒழுங்கைகளுக்குள்ளால் நடந்தார்கள். பேர் தெரியாத சந்திகளில் பிளேன்டீ குடித்தார்கள். வழிதவறி, சிங்களம் அரைகுறையாய்க் கதைத்து, எப்படியோ அறைக்கு வந்து சேர்ந்தார்கள். வினோஜனின் வாழ்க்கையில் அதைப்போலச் சந்தோசமான காலம் வேறில்லை.

ஒருதரக் கூப்பாட்டுக் கதை தெரியவந்த நாளிலிருந்து றிஸ்லானுக்குக் கொண்டாட்டம். சனத்துக்குள் ஒளிந்துகொண்டு, “வினோ!” என்பான். வினோஜன் திரும்பமாட்டான், கழுத்து விறைத்து நிற்பான். பிறகு, “வினோ, வினோ! பேயில்லடா விசரா, நான்தான்,” என்று சிரித்துச் சிரித்து வந்து தோளில் தொங்குவான். இதை வீட்டுக்கும் போனில் சொல்லிவிட்டான். அவனுடைய உம்மா றஸீனா அதிலிருந்து வினோஜனை எந்த நேரத்திலும் இரண்டுதரம்தான் கூப்பிடுவா. “மனே வினோ, வினோ” என்று ஒரே மூச்சில் வரும்.

அன்றைக்கு வந்த பஸ் அவர்களை மட்டக்குளியில் கொண்டுபோய் இறக்கியது. கடற்கரையில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. வினோஜன் வண்டில்காரரிடம் இறால் வடை வாங்க நின்றான். றிஸ்லான் படம் எடுக்கிறேன் என்று கல் அடுக்கின பக்கம் இறங்கிப் போனான்.

“வினோ!”

வினோஜன் திரும்பவில்லை. இவன்ட பகிடி, இரண்டாந்தரமும் கூப்பிடட்டும் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றான். வண்டில்காரர் வடையில் சம்பல் வைத்து, கடதாசியில் சுற்றிக் கையில் தந்தார். இரண்டாவது கூப்பாடு வரவில்லை. திரும்பியபோது கல்லுகளில் அலை அடித்துக்கொண்டிருந்தது, ஆளில்லை.

மூன்று நாள் தேடினார்கள். ஒரு செருப்பு கிடைத்தது, அடக்குவதற்கு மையித்துக் கிடைக்கவில்லை. அது விளையாட்டுக் கூப்பாடா, உயிர்போகிற கூப்பாடா என்று இன்றுவரைக்கும் வினோஜனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

“அவன் கூப்பிடல்லியா மனே?” என்று றஸீனா உம்மா கேட்டா.

“இல்ல உம்மா. ஒரு சத்தமும் கேக்கல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப பிள்ளைக்குப் பயப்படக்கூட நேரமிருந்திருக்காது.”

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவ சோறு தின்றா, நித்திரை கொண்டா. அதை எப்படி அவன் பறிப்பான்?

ஊருக்கு வந்தவன் திரும்பக் கொழும்புக்குப் போகவில்லை. வந்த கிழமையே தொடங்கிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்து வாவியில் வெளிச்சம் சாகிற நேரம், தண்ணிப் பக்கமிருந்து, “வினோ!” ஒரேயொருதரம். அதே குரல். வினோஜன் போனில் பாட்டை உரக்கப் போடுவான், கதவைச் சாத்துவான். பதில் சொன்னால் தன்னைக் கொண்டுபோய்விடும் என்று பயம். சொல்லாவிட்டால் றிஸ்லானை இன்னொருதரம் கைவிட்டதாகிறதே என்று நித்திரை வராது. இப்படியே எட்டு மாசம்!

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் ஏறாவூருக்குப் போய் உம்மாவைப் பார்த்துவிட்டு, பொழுது சாயமுதல் ஊருக்குத் திரும்புகிற வழியில் வலையிறவுப் பாலம் கடந்துவிடுவான். ஒரு வெள்ளி அவ வாசல் டைல்ஸ் ஒன்று கிளம்பிக் கிடக்கிறது என்று காட்டினா. தட்டிப் பார்த்தான். அடியில் பிடிப்பில்லாத வெறுஞ் சத்தம். பெயர்த்து, சீமெந்து குழைத்துப் பதித்து முடிக்கப் பொழுது சாய்ந்து மஹ்ரிபு பாங்கு கேட்டது.

உம்மா தொழுதுவிட்டு வந்து, அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினா. முகம் சரியில்லை.

“மனே வினோ, வினோ. ஆரிட்டயும் சொல்லாத ஒண்டு சொல்றன். இந்த நேரம் முன் கேற்றடியில அவன்ட சத்தம் கேக்குது.”

வினோஜன் சீமெந்து பூசின சாந்தகப்பையைக் கீழே வைத்தான்.

“பெத்தவள் நான் இஞ்ச இரிக்கன். உம்மா எண்டு கூப்பிடுறானில்ல. உன்ட பேரைத்தான் கூப்பிடுறான், ஒருதரம் மட்டும். ஏன் மனே? உன்னட்ட அவனுக்கு என்ன கேக்கக் கிடக்கு?”

லைட் இன்னும் போடவில்லை. முற்றத்து முருங்கை அசையாமல் நின்றது.

“வினோ!”

கேற்றடியில்தான். பகிடியும் இல்லை, அழுகையும் இல்லை, பஸ் வந்திட்டுது வா என்கிற மாதிரி ஒரு குரல். உம்மாவின் கை அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. அவவுக்கும் கேட்டிருக்கிறது.

முப்பத்திரண்டு வருசப் பயம் ஒரு பக்கம் இழுத்தது. கொண்டுபோனால் கொண்டுபோகட்டும். ஈரச் சீமெந்துக் கையோடு எழும்பினான்.

“ஓம் மச்சான்! கேட்டதுடா! அண்டைக்கும் கேட்டது, நான்தான் திரும்பல்ல!”

கேற்றைத் திறந்துகொண்டு ஓடினான். ஒழுங்கை இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. ஒன்றும் அவனைக் கொண்டுபோகவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

பின்னால் உம்மா வாசலில் எழும்பி நின்றா.

“அப்ப, அண்டைக்கு என்ட பிள்ளை கூப்பிட்டிருக்கான்.”

அவன் தலையாட்டினான். மைமல் முழுக்க இருட்டிப்போனது.

“வினோ,” என்றா.

ஒருதரம்தான் கூப்பிட்டா. அவன் உடனே திரும்பினான்.