இரண்டாவது கரண்டி ஆமணக்கெண்ணெய்

நாற்பத்தொன்பது வயதுவரை எனக்கும் என் பெருங்குடலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அது என்னைக் கொல்லப் பார்த்த பிறகுதான் முறையாக அறிமுகமானோம்.

அறிமுகம் செய்துவைத்தவர் திருவனந்தபுரத்து டாக்டரம்மா. இரண்டு மாதம் ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தவனைக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, திரையில் ஒரு படம் காட்டினார். கலவரம் முடிந்த கடைத்தெரு போல இருந்தது.

"கிருமி இல்ல, புற்றும் இல்ல. இது அழற்சி. உங்க உடம்போட காவல்படையே உங்க குடல எதிரின்னு நெனச்சு அடிக்குது."

ஏன் அடிக்கிறது என்று கேட்டேன். முழுசாக யாருக்கும் தெரியாது என்றார். காரணம் தெரியாமல் அடிப்பது எங்கள் குடும்பத்திலும் உண்டு என்பதால் எனக்கு வியப்பில்லை. மாத்திரை எழுதித் தந்து, ரத்தம் நின்றாலும் நிறுத்தக்கூடாது, உள்ளே கனல் கிடக்கும் என்று இரண்டு முறை சொன்னார். தலையாட்டினேன். கண்ணாடி போட்டவன் தலையாட்டினால் நம்பிவிடுகிறார்கள்.

மனைவியின் அண்ணன் வெள்ளறடையில் ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கிறார். நானும் அவரும் ஒருவரையொருவர் அளியா என்று அழைப்போம். அவரிடம் மட்டும் இந்த நோயைச் சொல்லக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். கக்கூஸ் சம்பந்தப்பட்ட நோய் அளியன் காதில் விழுந்தால் அந்த வீட்டில் பிறகு தலை நிமிர்ந்து சாப்பிட முடியாது. வெறும் கேஸ் டிரபிள் என்று சொல்லி வைத்திருந்தோம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் மொத்தமும் வயிறு இளக்கும். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஆமணக்கெண்ணெய். உச்சிவரை போர். அந்தியில் கஞ்சியும் சமாதானமும். ஏழு வயிறு, இரண்டு கக்கூஸ் என்பதால் கதவை உதைப்பதும் சாபம் விடுவதும் சடங்கின் பகுதி.

இந்த ஆடியில் எனக்கு ரத்தம் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. குணமாகிவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, மாத்திரையை நிறுத்தியும் இரண்டு வாரம். அது மனைவிக்குத் தெரியாது. "வாங்கிட்டு வாழை மூட்டுல ஊத்திருங்க" என்று மட்டும் காதோரம் சொன்னாள்.

அளியன் கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றார். "என்ன அளியா, கண்ணு வாழப் பக்கம் போவுது? பயமாக்கும்?"

குடித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். "இன்னொண்ணு ஊத்தும்" என்று வாயைத் திறந்தேன்.

பத்து மணிக்கு அடிவயிற்றில் யாரோ அரிவாளை வைத்துத் திருகினார்கள். பதினொன்றுக்குள் எட்டு முறை. ஒன்பதாவதில் தண்ணீர் இல்லை, மலம் இல்லை, ரத்தம் மட்டும். சுவரைப் பிடித்தேன், வழுக்கியது. வெளியே அளியன் உதைத்துக்கொண்டிருந்தார். "வெளிய வாரும் வோய், இஞ்ச ஆளு நிக்குது!" பதில் வராததால் அடுத்த உதையில் கதவு தாழ்ப்பாளோடு உள்ளே வந்து என் தோளில் விழுந்தது. அளியன் தரையைப் பார்த்தார். ரப்பர் ஷீட்டைத் தூக்குவது போல என்னைச் சுருட்டித் தூக்கிக் காரில் போட்டார். மனைவி முன்னால் ஏறி, ஓட்டினாள். பின் இருக்கையில் அவர் மடியில் என் தலை.

அமரவிளைப் பாலம் வருவதற்குள் ஒரு வேகத்தடை. கார் குதித்தது, குடல் அலறியது, நான் கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். "எண்ணெய ஊத்திக் கொன்னுட்டியேலே!" என் கை அவர் மூக்கில் இறங்கியது. எலும்பின் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் நான் ஒருவரை அடித்தது அதுதான் முதல் முறை. ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் ரத்தமாக இறங்க, நர்ஸ் மலையாளத்தில் கேட்டார்: "இதில் ஆரா ரோகி?"

டாக்டரம்மா வந்தார். எண்ணெய் கொடுத்தது யார் என்றார்.

அளியன் மூக்கைப் பொத்திக்கொண்டு கையைத் தூக்கினார். "நாந்தான் டாக்டரே. இவருக்கு இப்பிடி ஒரு தீனம் உண்டுன்னு ஒருத்தரும் சொல்லேல."

"எண்ணெய் இருக்கட்டும். மாத்திரைய எப்போ நிறுத்தினீங்க?"

நான் மேற்கூரையைப் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த ஆமணக்கெண்ணெய் தேன்.

"இப்ப ஊசி போடுறோம். மூணு நாளைக்குள்ள அடங்கலேன்னா பெருங்குடல எடுக்குற பேச்சு வரும். அப்புறம் மலம் போக வயித்துல ஒரு பை" என்றார்.

மூன்று நாளும் கூட இருந்தது அளியன்தான். மூக்கில் பிளாஸ்திரியோடு, சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு என்னைக் கக்கூஸுக்குக் கூட்டிப்போவார். வாசலிலேயே நிற்பார், கதவைத் தட்டவே இல்லை. ஒவ்வொரு முறையும் பேனாவால் உள்ளங்கையில் ஒரு கோடு. முதல் நாள் பதினெட்டு. அடுத்த நாள் பதினைந்து. அன்று அவர் சாப்பிடவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை; எந்தக் குற்றத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஐந்து. ரத்தம் கோடு கிழித்தாற்போல் மட்டும். டாக்டரம்மா வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். "குடல் தப்பிச்சுது. இனி ஒரு மாத்திரை விட்டாலும் நான் பொறுப்பில்ல. வயித்துல கை படாம பாத்துக்குங்க."

அவர் வெளியேறும்வரை அளியன் கைகட்டி நின்றார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். காது ரீங்கரித்தது.

"வயித்துல படப்பிடாதுன்னுதான் சொன்னாவ" என்றபடி, மறு கையில் மாத்திரையை நீட்டினார். "வாயத் தொறலே."